விதையிலிருந்து அஸ்பரகஸ்: ஒன்ராறியோ பின்வளவுக்கு ஒரு முழு வழிகாட்டி

பெப்ரவரியில் அஸ்பரகஸ் விதை போட்டால் அந்தக் கோடையில் சாப்பிட ஒன்றும் கிடைக்காது. அடுத்த வசந்தத்திலும் கிடைக்காது. மூன்றாவது வசந்தத்தில் இரண்டு வாரம் கொஞ்சம் பறிக்கலாம், நான்காவதில் ஒரு மாதம். முழு அறுவடை ஐந்தாவது வசந்தத்தில்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வாடகை வீட்டில் இருப்பவர்களும் இரண்டு வருடத்தில் வீடு மாற நினைப்பவர்களும் இத்தோடு நிறுத்திக்கொண்டு கத்தரியோ மிளகாயோ வைக்கலாம். மற்றவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: வேர் நன்றாகப் பிடித்த செடி 15, 20 ஆண்டுகள்கூட ஒவ்வொரு மே மாதமும் தானாக முளைத்துக் கொடுக்கும்.

ரொறன்ரோ, ஸ்காபரோ, மார்க்கம், பிரம்டன் பக்கத்து வீட்டுத் தோட்டங்களை மனதில் வைத்தே இங்குள்ள தேதிகளைச் சொல்கிறேன். இந்த மாகாணம் அஸ்பரகஸுக்கு நல்ல இடம். ஒரு காலத்தில் புகையிலை விளைந்த நோர்ஃபோக் பகுதி மணல் நிலங்களில் இன்று பெரிய அளவில் அஸ்பரகஸ் விளைகிறது. மே தொடக்கத்திலிருந்து ஜூன் நடுப்பகுதிவரை கடைகளில் வரும் உள்ளூர்க் கட்டுகளில் பல அங்கிருந்து வருபவை. மற்ற மாதங்களில் கிடைப்பது பெரும்பாலும் பெரு அல்லது மெக்சிகோவிலிருந்து வந்தது. அதன் சுவையும் பறித்து ஒரு மணி நேரத்தில் சட்டிக்குப் போனதன் சுவையும் ஒன்றாக இருக்காது, ஏனென்றால் பறித்த கணத்திலிருந்தே குருத்தில் இருக்கும் சர்க்கரை குறையத் தொடங்குகிறது.

முதலில் செடி எப்படி வாழ்கிறது என்று பார்த்துவிடலாம். பின்னால் வரும் ‘ஏன்’ எல்லாவற்றுக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது. நாம் சாப்பிடும் குருத்து, மண்ணுக்கடியில் இருக்கும் மொட்டிலிருந்து வருகிறது. அந்த மொட்டைச் சுற்றிச் சதைப்பற்றான வேர்கள் கொத்தாக இருக்கும். வசந்தத்தில் குருத்து மேலே வருவது முழுக்க அந்த வேர்களில் உள்ள கையிருப்பால்தான். அப்போது செடியிடம் ஓர் இலைகூடக் கிடையாது. நாம் பறிக்காமல் விடும் குருத்து விரிந்து, ஆள் உயரத்துக்குப் பஞ்சுபோன்ற பச்சைத் தழையாகும். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் முழுக்க அந்தத் தழைதான் வேருக்கு உணவு சேர்க்கிறது. ஆகவே அடுத்த மே மாதக் குருத்தின் தடிமனை இந்த ஆகஸ்ட் மாதத் தழை தீர்மானிக்கிறது. மே மாதத்தில் ஓடி ஓடித் தண்ணீர் ஊற்றிவிட்டு ஆகஸ்டில் பாத்தியை மறந்துவிடுகிறவர்கள்தான் இங்கு அதிகம்.

விதையா, கிரவுனா?

தோட்டக் கடைகளில் ஏப்ரல், மே மாதங்களில் கிரவுன் என்ற பெயரில் ஒரு வருட வேர்க்கட்டு விற்பார்கள். அதை நட்டால் விதையைவிட ஒரு வருடம் முந்தலாம். பத்துச் செடி போதும் என்றால் கிரவுனே வாங்குங்கள்; விதைக்காக மூன்று மாதம் ஜன்னலோரத்தில் தட்டுக்களைக் காத்துக்கொண்டிருப்பதில் அர்த்தம் இல்லை.

வேண்டியது முப்பது, நாற்பது செடி என்றால் கணக்கு மாறும். ஒரு பாக்கெட் விதையின் விலைக்கு இரண்டு மூன்று கிரவுன்தான் வரும். அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேறு. கடையில் பையில் கட்டித் தொங்கும் கிரவுன் எத்தனை வாரம் காய்ந்து கிடந்தது, எந்த நிலத்து ஃபியூசேரியம் பூஞ்சையைச் சுமந்து வருகிறது என்று வாங்கும்போது தெரியாது. அந்தப் பூஞ்சை ஒருமுறை மண்ணில் இறங்கிவிட்டால் விரட்ட வழியில்லை. சொந்த நாற்றில் அந்த ஆபத்து குறைவு, வேர் அறுபடாமல் நடுவதால் அதிர்ச்சியும் குறைவு. இரண்டு வருட, மூன்று வருடக் கிரவுன் என்று கூடுதல் விலைக்கு விற்பதை வாங்க வேண்டாம். தோண்டும்போது பெரிய வேர்களில் பாதி போயிருக்கும். ஒரு வருடக் கிரவுனை அது முந்துவதில்லை.

எத்தனை செடி தேவை? அடிக்கடி சாப்பிடும் வீட்டில் ஆளுக்கு ஐந்து முதல் பத்து. நாலு பேருக்கு 25 செடி என்பது நடுத்தரமான எண்ணிக்கை. 45 செ.மீ. இடைவெளியில் இரண்டு வரிசையாக வைத்தால் ஒவ்வொரு வரிசையும் ஐந்தரை மீற்றர் நீளம் வரும்.

எந்த ரகம்

அஸ்பரகஸில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடி தன் சக்தியில் ஒரு பங்கைச் சிவப்புப் பழம் காய்க்கச் செலவிடும். அதன் குருத்து கொஞ்சம் தடிப்பாக இருந்தாலும் எண்ணிக்கை குறைவு. ஆண் செடி நிறையக் குருத்து விடும், நீண்ட காலம் வாழும். அதனால்தான் புதிய ரகங்களில் பல ஆண் செடிகளாகவே வரும்படி உருவாக்கப்பட்டவை.

அதை எப்படிச் செய்கிறார்கள் என்பது சுவாரசியமான கதை. மனிதருக்கு இருப்பதுபோலவே அஸ்பரகஸுக்கும் எக்ஸ், வை என்ற குரோமோசோம்களால் பால் நிர்ணயம் உண்டு. சில ஆண் செடிகளில் அபூர்வமாக இருபால் பூ பூத்துத் தன்னில்தானே விதை கட்டும். அந்த விதைகளில் ஒரு பங்கு, எக்ஸ் இல்லாமல் இரண்டு வை கொண்ட ‘சூப்பர் ஆண்’. அதைச் சாதாரணப் பெண் செடியோடு கலந்தால் பிறக்கும் பிள்ளைகள் எல்லாம் ஆண். நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் தந்த ஜெர்சி ஜயன்ட், ஜெர்சி நைட் ரகங்கள் இப்படி ஆண் செடிகளாக வருபவை. இந்தக் கலப்பின விதை விலை கூடியது.

நம் மாகாணத்துக்கென்று குவெல்ப் பல்கலைக்கழகம் உருவாக்கிய மில்லேனியம் என்ற ரகம் உண்டு. குளிரைத் தாங்கும், பெரும்பாலும் ஆண் செடி, வசந்தத்தில் சற்றுத் தாமதமாக முளைக்கும். அந்தத் தாமதம் மே மாத உறைபனியில் குருத்து கருகாமல் தப்ப உதவுகிறது. விதை கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பெரும்பாலும் கிரவுனாகத்தான் கிடைக்கும்.

எளிதில், மலிவாகக் கிடைக்கும் விதை மேரி வாஷிங்டன். 1890களின் இறுதியில் துரு நோய் அமெரிக்கப் பண்ணைகளைப் போட்டு அடித்தபின், அதைத் தாங்கும் செடி வேண்டுமென்று அமெரிக்க விவசாயத் துறை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய பழைய ரகம். பாதி ஆண், பாதி பெண்ணாக வரும். முதல்முறை செய்பவர் இதில் தொடங்குவதில் தவறில்லை. ஊதா நிறப் பர்ப்பிள் பாஷன் பச்சையாகக் கடித்துச் சாப்பிட இனிப்பாக இருக்கும், ஆனால் சமைத்தால் ஊதா போய்ப் பச்சையாகிவிடும். நிறத்துக்காக வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்கட்டும்.

இடமும் மண்ணும்: முந்தைய வருடமே

இருபது வருடத்துக்கு அசைக்க முடியாத பாத்தி இது. ஆகவே விதை வாங்குவதற்கு முந்தைய கோடையிலேயே இடத்தைத் தேர்ந்துவிடுங்கள். ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும், எட்டு என்றால் இன்னும் நல்லது. தழை ஒன்றரை மீற்றருக்கு மேல் வளர்ந்து நிழல் போடும் என்பதால் தோட்டத்தின் வடக்கு ஓரம் பொருத்தம். பெரிய மேப்பிள் மரத்தின் வேர் எட்டும் தூரத்தில் வேண்டாம். பக்கத்து வீட்டில் கறுப்பு வால்நட் மரம் இருக்கிறதா என்றும் எட்டிப் பாருங்கள். தெற்கு ஒன்ராறியோவில் அது சாதாரணமாக நிற்கும். அதன் வேரிலிருந்து கசியும் பொருளை அஸ்பரகஸ் தாங்காது.

இடம் முடிவானதும் அங்குள்ள புல்லையும் களையையும் வேரோடு தொலைக்க வேண்டும். கவ்ச் புல், பைன்ட்வீட் கொடி போன்ற நிலைத்த களைகள் அஸ்பரகஸ் வேருக்குள் பின்னிக்கொண்டால் பிறகு எடுக்கவே முடியாது. கோடை முழுக்கக் கறுப்புத் தார்பாயோ, அடுக்கடுக்காகக் கார்ட்போர்டோ போட்டு மூடிவிடுவதுதான் சுலபமான வழி. அவசரப்பட்டு இந்த வேலையைத் தாண்டிப் போனால் மீதி எல்லா வேலையும் வீண்.

மண்ணின் கார அமிலத் தன்மை 6.5 முதல் 7.5 வரை இருப்பது நல்லது. 6க்குக் கீழே போனால் செடி தள்ளாடும். பொதுவான தோட்டக் குறிப்புகள் எல்லாம் சுண்ணாம்பு போடச் சொல்லும். தெற்கு ஒன்ராறியோவின் மண் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லிலிருந்து வந்தது, ஏற்கெனவே 7ஐ ஒட்டியோ மேலேயோ இருக்கும். ஆகவே சோதித்துப் பார்க்காமல் சுண்ணாம்போ விறகுச் சாம்பலோ கொட்ட வேண்டாம். எலும்புத்தூளும் அப்படித்தான்: காரத்தன்மை கூடிய மண்ணில் அது கரைந்து செடிக்குக் கிடைப்பது மிகக் குறைவு. நல்ல கம்போஸ்ட் அல்லது நன்றாக மக்கிய தொழு உரத்தைப் பத்து செ.மீ. தடிப்புக்குப் பரப்பி இலையுதிர்காலத்தில் கொத்திவிட்டால் தொடக்கத்துக்குப் போதும். பல நகராட்சிகள் வசந்தத்தில் இலவசமாகக் கம்போஸ்ட் தருகின்றன, விசாரித்துப் பாருங்கள்.

இனி களிமண். புதிய குடியிருப்புகளில் மேல்மண்ணை வழித்துவிட்டுக் களிமண்ணின் மேல் ஒரு சாண் மண்ணும் புல்லும் விரித்துத் தருவார்கள். இந்தச் செடிக்கு நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். சோதிப்பது எளிது: ஓர் அடிக் குழி தோண்டி நீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை ஊற்றிய நீர் சில மணி நேரத்தில் இறங்கினால் சரி. மறுநாளும் நின்றால் அந்த இடத்தில் பள்ளம் தோண்டவே கூடாது, 30 செ.மீ. உயரத்துக்காவது மண் உயர்த்திப் பாத்தி கட்டுங்கள். உயர்ந்த பாத்தி குளிர்காலத்தில் அதிகம் உறையுமே என்று கவலை வேண்டாம். ரொறன்ரோவைவிடக் கடுங்குளிரான ஊர்களிலும் இந்த வேர் பிழைக்கும்.

பெப்ரவரி கடைசி: விதை போடுதல்

இங்கு கடைசி உறைபனி மே முதற்பாதியில் முடியும். வெளியே நடுவதற்கு 10 முதல் 12 வாரம் முன்பு விதைக்க வேண்டும். பெப்ரவரி கடைசி வாரத்திலிருந்து மார்ச் முதல் வாரத்துக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விதை கறுப்பாக, மிளகைவிடச் சிறிதாக, கடினமான தோலுடன் இருக்கும். இளஞ்சூடான நீரில் ஒரு நாள் ஊறவிடுங்கள். ஊறிய விதையை உயரமான சிறு குழிகள் கொண்ட தட்டில், குழிக்கு ஒன்றாக, ஒன்றேகால் செ.மீ. ஆழத்தில் போடுங்கள். ஒரே தட்டில் தூவி விதைத்தால் பத்து வாரத்தில் வேர்கள் சிக்கிக்கொண்டு பிரிக்கும்போது அறுந்துவிடும். தோட்டத்து மண் வேண்டாம். விதைக்கென்று விற்கும் கலவைதான் பாதுகாப்பு.

முளைப்பதற்கு வெப்பமே முக்கியம். மண் 25 டிகிரி செல்சியஸில் இருந்தால் ஏறக்குறைய பத்து நாளில் முளை தெரியும். 20 டிகிரியில் இரண்டு வாரம், 15 டிகிரியில் மூன்றரை வாரம். 10 டிகிரியில் ஏழு வாரத்துக்கும் மேல் ஆகும். குளிர்காலத்தில் பேஸ்மென்ட் தரையில் தட்டை வைத்துவிட்டு ‘விதை செத்துப்போச்சு’ என்று மூன்றாவது வாரம் குப்பையில் கொட்டுகிறவர்கள் கொஞ்சம் பொறுத்தால் நல்லது. நாற்றுக்கான சூட்டு விரிப்பு இருந்தால் அதன்மேல் வையுங்கள். இல்லாவிட்டால் வீட்டில் வெதுவெதுப்பான மூலை எதுவோ அங்கே.

முளைத்துவிட்டால் சூடு குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் வெளிச்சம் வேண்டும். மார்ச் மாத ஜன்னல் வெளிச்சம் போதாது. சாதாரண எல்.இ.டி. குழல்விளக்கை நாற்றுக்கு மேல் ஏழெட்டு செ.மீ. உயரத்தில் தொங்கவிட்டு நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியவிடுங்கள்.

முதலில் வருவது நூல் போன்ற ஒற்றைத் தண்டு. ‘இதுவா அஸ்பரகஸ்?’ என்று சிரிப்பு வரும். சில வாரத்தில் அடியிலிருந்து இரண்டாவது தண்டு வரும், அது முதலாவதைவிடச் சற்றுத் தடிப்பு, பிறகு மூன்றாவது. முதல் தண்டு மஞ்சளாகி விழுந்தாலும் பயப்பட வேண்டாம், அடியில் மொட்டு வேலை செய்துகொண்டிருக்கிறது. மேல்மண் சற்றுக் காய்ந்தபின் கீழிருந்து தண்ணீர் காட்டுங்கள். எப்போதும் ஈரமாக வைத்தால் நாற்றழுகல் வந்து தண்டு தரையோடு சாய்ந்துவிடும். ஐந்து, ஆறு வாரமானதும் மீன் உரக் கரைசலைப் பாதி அளவில் கலந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊற்றலாம்.

விளக்கும் தட்டும் வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. மே மாதத்தில் தோட்டத்தின் ஒரு மூலையில் நாற்றங்கால் அமைத்து, ஊறிய விதையை எட்டுப் பத்து செ.மீ. இடைவெளியில் நேரடியாக விதைத்துவிடுங்கள். வரிசை எங்கே என்று அடையாளம் தெரிய இடையிடையே முள்ளங்கி விதை போடுவது பழைய உத்தி. அந்த வருடம் முழுக்க அங்கேயே வளரட்டும். அடுத்த ஏப்ரலில் தோண்டினால் உங்களிடம் சொந்தக் கிரவுன் இருக்கும், அதில் தடித்தவற்றை மட்டும் பொறுக்கி நடலாம். பொறுக்கும் வசதி இருப்பதால், இடம் உள்ளவர்களுக்கு இந்த வழியைத்தான் நான் சிபாரிசு செய்வேன்.

மே கடைசி: நடவு

விக்ரோறியா தின விடுமுறை கடந்ததும் நடலாம். அதற்கு முன் ஒரு வாரம், பத்து நாள் நாற்றுகளை வெளியே பழக்க வேண்டும்: முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெயில்.

பாத்தியில் 15 செ.மீ. ஆழத்துக்கு வாய்க்கால்போலப் பள்ளம் எடுங்கள். களிமண் கலந்த இடமென்றால் 10 செ.மீ. போதும். வரிசைக்கு வரிசை 120 செ.மீ. விடுங்கள். இப்போது பார்க்க வீணாகத் தெரியும், நான்காவது கோடையில் உள்ளே நுழையவே இடம் இருக்காது. 45 செ.மீ.க்கு ஒன்றாக நாற்றைப் பள்ளத்தின் அடியில் வைத்து, வேர்க்கட்டுக்கு மேல் இரண்டு மூன்று செ.மீ. மண் வரும்படி மூடி, நன்றாகத் தண்ணீர் ஊற்றுங்கள். முழுப் பள்ளத்தையும் ஒரேயடியாக மூடினால் மெல்லிய நாற்று புதைந்துவிடும். தழை உயர உயர, சில வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் மண் தள்ளி, கோடை முடியும்போது தரைமட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.

இந்த ஆழம் எதற்கு என்றால், வேர்த்தலை, அதாவது மொட்டும் வேரும் சேரும் இடம், வருடா வருடம் கொஞ்சம் மேலே ஏறும் பழக்கம் உடையது. மேலாக நட்டால் சில ஆண்டுகளில் அது தரையை எட்டிவிடும். குருத்தும் மெலிந்து, களைக்கொத்து மொட்டிலேயே படும். அதேசமயம் கெட்டியான களிமண்ணில் தோண்டிய பள்ளம் மழைக்குத் தொட்டியாகிவிடும். முதல் பெருமழைக்குப் பிறகு போய்ப் பாருங்கள், நீர் நின்றால் ஓரத்தில் வெட்டி வடியவிடுங்கள்.

முதல் கோடையில் செய்யவேண்டியது தண்ணீரும் களையும்தான். மழையோடு சேர்த்து வாரத்துக்கு இரண்டரை செ.மீ. நீர் கிடைக்க வேண்டும். நாற்று ஒரு சாண் உயரம் தாண்டியதும் வைக்கோல் அல்லது நறுக்கிய காய்ந்த இலையால் மூடாக்கு போடுங்கள். களையைக் கையால் பிடுங்குவதே நல்லது, வேர் மேலாகவே இருப்பதால் ஆழமாகக் கொத்தக் கூடாது. அஸ்பரகஸ் பாத்தியில் உப்புத் தூவினால் களை சாகும் என்று ஒரு பழைய யோசனை உண்டு. செடி உப்பைத் தாங்கும் என்பது உண்மைதான், ஆனால் மண் கெடும், பக்கத்துப் பாத்திக்கும் பரவும். வேண்டாம்.

இலையுதிர்காலத்தில் தழை பொன்மஞ்சளாகும். பச்சை இருக்கும்வரை வெட்டாதீர்கள், அப்போதும் உணவு கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. காய்ந்தபின் இரண்டு வழி. நோயும் வண்டும் இல்லாவிட்டால் குளிர்காலம் முழுக்க நிற்கவிடலாம். அது பனியைப் பிடித்து வைத்து வேரைப் போர்த்தும். ஏப்ரல் தொடக்கத்தில் தரையோடு வெட்டினால் போதும். வண்டோ துருவோ இருந்தால் நவம்பரிலேயே வெட்டி அப்புறப்படுத்துங்கள், வீட்டுக் கம்போஸ்டில் போட வேண்டாம்.

இரண்டாம் ஆண்டு

ஏப்ரல் இறுதியிலோ மே தொடக்கத்திலோ பென்சிலைவிட மெல்லிய குருத்துகள் வரும். கை பரபரக்கும். ஒன்றைக்கூடப் பறிக்காதீர்கள். மூன்று முதல் ஐந்து செ.மீ. கம்போஸ்ட் பரப்பி, களை எடுத்து, தழைய விடுங்கள்.

இந்த வருடம் பெரும்பாலான செடிகள் பூக்கும். மணிபோன்ற சின்னப் பூ, பச்சை கலந்த மஞ்சள். ஆண் பூ நீளமாக, உள்ளே மகரந்தத்தோடு இருக்கும். பெண் பூ சிறியது, நடுவில் மூன்று பிரிவாகப் பிரிந்த சூல்முடி தெரியும். பூவை உற்றுப் பார்க்கப் பொறுமை இல்லாதவர்கள் ஆகஸ்டில் சிவப்புப் பழத்தைப் பார்த்தால் போதும்.

பெண் செடிகளைப் பிடுங்க வேண்டுமா? பத்து இருபது செடிக்குள் இருக்கும் வீட்டுத் தோட்டத்தில் எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. பெண் செடியின் தடித்த குருத்தும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பழத்தை விழவிடக் கூடாது. விழுந்தால் அடுத்த வருடம் நூற்றுக்கணக்கில் முளைத்து, தாய்ச்செடியோடு போட்டிபோடும் களையாகிவிடும். பழம் சாப்பிடக் கூடாதது. சிறு பிள்ளைகள் வாயில் போட்டால் வயிற்றுவலியும் வாந்தியும் வரும். பார்க்க அழகான சிவப்பு என்பதால் பேரப்பிள்ளைகள் ஓடித் திரியும் வளவில் முன்கூட்டியே உருவிவிடுங்கள். மேரி வாஷிங்டன் பழத்தைப் பிசைந்து கழுவி விதையைக் காயவைத்தால் உறவினருக்குக் கொடுக்கலாம், மூன்று ஆண்டுவரை முளைக்கும்.

மூன்றாம் ஆண்டிலிருந்து பறித்தல்

மூன்றாவது வசந்தத்தில் சுண்டுவிரல் தடிமனுள்ள குருத்துகளை மட்டும் இரண்டு வாரம் பறியுங்கள், மெல்லியவற்றை விட்டுவிடுங்கள். நான்காவதில் நான்கு வாரம். ஐந்தாவதிலிருந்து ஆறு முதல் எட்டு வாரம், அதாவது மே தொடக்கத்திலிருந்து ஜூன் இருபது வாக்கில் முடியும்வரை. நிறுத்த வேண்டிய நாளைக் காலண்டரைவிடச் செடியே சரியாகச் சொல்லும்: வரும் குருத்துகளில் பெரும்பாலானவை பென்சிலைவிட மெலிந்துவிட்டால் கையிருப்பு முடிகிறது என்று பொருள். அன்றே நிறுத்துங்கள். ஒரு சாப்பாட்டுக்கு ஆசைப்பட்டு இன்னும் ஒரு வாரம் பறித்தால் அடுத்த வருடம் முழுப் பாத்தியும் மெலியும்.

முழு அறுவடைக்கு வந்த பாத்தியில் பருவம் முடியும்வரை மெல்லியது தடித்தது என்று பாராமல் எல்லாக் குருத்தையும் எடுத்துவிடுங்கள். நடுவில் ஒன்றிரண்டைத் தழைய விட்டால் வண்டு முட்டையிட அங்கேதான் வரும்.

குருத்து 15 முதல் 20 செ.மீ. உயர்ந்து, நுனி இன்னும் இறுக்கமாக மூடியிருக்கும்போது பறிக்க வேண்டும். விரலால் வளைத்தால் நார் முடியும் இடத்தில் தானாக முறியும். கத்தியை மண்ணுக்குள் விட்டு அறுத்தால் மேலே வரக் காத்திருக்கும் மொட்டும் அறுபடும். குளிர்ந்த வாரத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறை போனால் போதும். வெயில் ஏறிவிட்டால் ஒரே நாளில் 15 செ.மீ. வளரும், காலையும் மாலையும் பார்க்க வேண்டிவரும். இரவில் உறைபனி என்று வானிலை சொன்னால் மாலையிலேயே வெளியே தெரிவதை எல்லாம் பறித்துவிடுங்கள். உறைந்த குருத்து காலையில் குழைந்து கிடக்கும், ஆனால் வேருக்கு ஒன்றும் ஆகாது, புதிது வரும்.

பறித்ததை அன்றே சமைப்பது உத்தமம். முடியாவிட்டால் அடியைச் சற்று வெட்டி, ஒரு கிளாஸில் இரண்டு விரல்கடை நீர்விட்டு நிறுத்தி, மேலே பை கவிழ்த்துப் பிரிட்ஜில் வையுங்கள். வறை செய்வதென்றால் கடுகு, செத்தல் மிளகாய், வெங்காயம் தாளித்து, சிறிதாக அரிந்த குருத்தைப் போட்டு மூன்று நிமிடத்தில் தேங்காய்ப்பூ தூவி இறக்கிவிடுங்கள். அதற்கு மேல் வெந்தால் குழைந்து போகும். சாப்பிட்டபின் சிறுநீரில் வரும் வாசனையைக் கண்டு யாரும் டாக்டரிடம் ஓட வேண்டாம், அது இந்தக் காய்க்கே உரியது.

அறுவடை முடிந்த அன்று செய்ய வேண்டிய வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். களையை ஒருமுறை முழுதாக எடுத்து, கம்போஸ்ட் அல்லது நைதரசன் உள்ள உரம் போட்டு, மூடாக்கைப் புதுப்பித்து, தண்ணீர் விடுங்கள். அடுத்த மூன்று மாதம் வளரும் தழைதான் அடுத்த வருடச் சாப்பாடு.

வண்டும் துருவும்

மே மாதம் குருத்தோடு சேர்ந்தே அஸ்பரகஸ் வண்டும் வரும். கறுநீல உடல், முதுகில் வெளிர்மஞ்சள் புள்ளிகள், அரை செ.மீ.க்குச் சற்று மேல். குருத்தின்மேல் சிறு கறுப்பு ஊசிகள்போல வரிசையாகக் குத்தி நிற்பவை அதன் முட்டைகள். ஈரத் துணியால் வழித்துவிடலாம். சமைக்கப் போகும் குருத்தையும் நன்றாகக் கழுவுங்கள். வண்டைப் பிடிக்கப் போனால் தண்டின் மறுபக்கம் ஓடும், அல்லது தொப்பென்று கீழே விழும். விழும் பழக்கத்தையே பயன்படுத்தி, கீழே சோப்புத் தண்ணீர் பாத்திரத்தைப் பிடித்துத் தட்டிவிடுங்கள். காலைக் குளிரில் அவை மந்தமாக இருக்கும் நேரம் சுலபம். சாம்பல் நிறப் புழுக்கள் ஜூன், ஜூலையில் தழையைத் தின்னும். அவற்றையும் அப்படியே உலுக்கி எடுக்கலாம். பன்னிரண்டு கறுப்புப் புள்ளி கொண்ட செம்மஞ்சள் வண்டு பிறகு வரும். அதன் புழு பழத்துக்குள் வாழ்வதால் சேதம் குறைவு. சில செடிகளுக்காக மருந்தடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. முட்டையையும் புழுவையும் தின்னும் பொறிவண்டுகளும் அதில் சாகும்.

வண்டு, வெட்டுப்புழு கடித்த குருத்து கடிபட்ட பக்கமாக வளைந்து கொக்கிபோல வளரும். சாப்பிடலாம், அழகாக இருக்காது, அவ்வளவுதான்.

கோடை நடுவில் தண்டில் செம்மஞ்சள் பொடி தெரிந்தால் துரு. தழைமேல் படாமல் தரைக்கு நீர் விடுவதும், காற்றோட்டம் இருக்கும்படி இடைவெளி விட்டு நட்டிருப்பதும், இலையுதிர்காலத்தில் வெட்டி அகற்றுவதும்தான் வீட்டில் செய்யக்கூடியவை. தழை வெளிறி, சில செடிகள் வருடா வருடம் மெலிந்து சாகின்றன என்றால் வேரில் ஃபியூசேரியமாக இருக்கலாம். அந்தச் செடியைத் தோண்டி எடுத்துவிட்டு அந்தக் குழியை வெறுமையாக விடுங்கள்.

ஊரில் வைக்கலாமா?

இங்குள்ளவர்கள் தொலைபேசியில் பேசும்போது ஊரிலிருந்து வரும் கேள்வி இது. குளிர்காலம் இல்லாத இடத்தில் செடி உறங்காது. வருடம் முழுக்க மெல்லிய குருத்தாக விட்டுக்கொண்டே தளர்ந்துவிடும். தைவானில் இதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு செடியிலும் மூன்று முதல் ஐந்து தண்டை எப்போதும் தழையாக நிற்கவிட்டு, அதைத் தாண்டி வரும் குருத்தை மட்டும் பறிப்பார்கள். பெரு நாட்டின் பாலைவனக் கரையோரத்தில் தண்ணீரை நிறுத்தி உறங்க வைக்கிறார்கள். நல்ல வடிகாலுள்ள மண்ணில் தைவான் முறையை வீட்டில் முயன்று பார்க்கலாம். அங்கு தானாகவே நன்றாக வளர்வது இதன் உறவினரான சாத்தாவாரி, அதாவது தண்ணீர்விட்டான் கிழங்கு. அதை வளர்ப்பது கிழங்குக்காக என்பதால் வேலையே வேறு.

பாத்திக்கு வயதாகும்போது

பதினைந்து வருடத்துக்குப் பிறகு குருத்து மெலிந்து எண்ணிக்கை குறையத் தொடங்கும். பழைய வேர்க்கட்டைத் தோண்டிப் பிரித்து மறுபடி நடுவதில் பயனில்லை. உள்ளே சிக்கிக் கிடக்கும் வேரைப் பிரிக்கும்போதே பாதி அறுந்துவிடும், பூஞ்சையும் கூடவே வரும். அதே இடத்தில் புது நாற்றும் வைக்கக் கூடாது. பழைய அஸ்பரகஸ் வேர் விட்டுச்செல்லும் பொருட்களும் மண்ணில் சேர்ந்த ஃபியூசேரியமும் இளஞ்செடியை வளரவிடாது, பல ஆண்டுகளுக்கு. பழைய பாத்தி தளரத் தொடங்குவதற்கு மூன்று நான்கு வருடம் முன்பே தோட்டத்தின் வேறு மூலையில் அடுத்த விதையைப் போட்டுவிட்டால் ஒரு மே மாதமும் வெறுமையாகப் போகாது. பழைய இடத்தில் தக்காளி, மிளகாய், பூசணி எது வேண்டுமானாலும் வைக்கலாம்.